சாமிக்கு டம்மித் தோட்டாவா?

"ப்ரைமர் எல்லாம் ஒரே சைஸ்தானே மேடம், எதைப் போட்டா என்ன?"

போன மாதம் எனக்கு போன் போட்டு இப்படிக் கேட்டவர், ரேஞ்சில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர்தான். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதைக் கேட்டாலும் தப்பில்லை. அந்தக் கேள்வியை அவர் வாயில் ஊட்டிவிட்டவர்கள் மேல்தான் கோபம். அந்த வாசகம் எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். துப்பாக்கியைச் சுட்டுச் சோதிக்கும் ரேஞ்சுக்குள் ஒரு நாளும் காலை வைக்காத மகானுபாவர்களின் ஏ.சி. அறையில் பிறக்கிறது. அந்த வாசகத்தால் ஒரு பெண்ணின் உயிர் போகப் பார்த்தது. ஒரு மனிதனின் பிழைப்பு போகப் பார்த்தது. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். உத்தனப்பள்ளியில் தக்காளி போட்டுக்கொண்டு நிம்மதியாகக் கிடக்கலாம் என்று பார்த்தால் நீங்கள் விடுவதாக இல்லை. சரி, எழுதித் தொலைக்கிறேன். ஒழுங்காகப் படியுங்கள்.

நான் ஓசூரில் பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவள். வண்டி பாகங்கள் செய்துகொண்டிருந்த கம்பெனி, துப்பாக்கி செய்ய லைசென்ஸ் வாங்கியபோது என்னைச் சோதனை ரேஞ்சுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அந்த ரேஞ்சுக்கு நான்தான் பொறுப்பு.

ப்ரைமர் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை சொல்கிறேன், தெரிந்தவர்கள்தான் அதிகம் மறக்கிறார்கள். தோட்டாவின் அடியில் சட்டைப் பித்தான் மாதிரி பதிந்திருக்கும் சின்னக் கிண்ணி. துப்பாக்கியின் ஊசி அதை அடித்தால் பொறி கிளம்பும், மருந்து பற்றும், குண்டு ஓடும். நம் ரேஞ்சில் சுட்ட உறைகளையே எடுத்துப் புது ப்ரைமர் வைத்துச் சோதனைக்கு மறுபடி நிரப்புகிறோம். அதற்கென்று தனி அறை, தனி ஆட்கள், தனி லைசென்ஸ். அங்கேதான் இந்தக் கேள்வி வரும், எந்த ப்ரைமர் என்று.

நம்மிடம் இரண்டு வகைத் துப்பாக்கி உண்டு. ஒன்று பந்தயத்துக்கான ரைபிள். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டை அதில் கையால் மெதுவாகத் தள்ளி மூடுவோம். அதற்கு மெல்லிய முகம் உள்ள ப்ரைமர் போதும். இன்னொன்று போலீசுக்கான செமி ஆட்டோமேட்டிக். அதன் போல்ட்டை ஸ்பிரிங் அடித்து மூடும். போல்ட் போய் முட்டும் வேகத்தில், உள்ளே கட்டுப்பாடில்லாமல் ஆடும் ஊசியும் தானாக முன்னால் ஓடி ப்ரைமரைத் தட்டிவிட்டு வரும். ஒவ்வொரு தடவையும் தட்டும். ட்ரிகரை யாரும் தொட வேண்டியதே இல்லை. முகம் கெட்டியாக இருந்தால் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். மெல்லியதாக இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் வெடிக்கும். அளவு இரண்டும் ஒன்றேதான், குழியில் இரண்டும் கச்சிதமாக உட்காரும். சட்டை அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பெண்ணைக் கொடுத்துவிடுவோமா?

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர். ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்த்த ஹவில்தார். எங்கள் ரேஞ்சை அமைத்துக் கொடுக்கச் சில காலம் வந்திருந்தார். புதிதாக எதை நிரப்பினாலும் குழலை மணல் பக்கம் வைத்து, தோட்டாவை ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்து, ப்ரைமர் முகத்தைப் பார்க்க வைப்பார். "நோடம்மா, முகத்த நோடு" என்பார். நான் ஒரு நாள், "ட்ரிகர்மேல கையே இல்லியே சார், எதுக்கு மணல் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன்.

"ட்ரிகர் தொடலன்னா சுடக்கூடாதுன்னு துப்பாக்கிகிட்ட யாரம்மா சொன்னாங்கோ? அதுக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது" என்றார்.

அவர் போன பிறகு வந்த ஒரு வருஷம். போலீஸ் சோதனைக் குழு எங்கள் செமி ஆட்டோமேட்டிக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த கையோடு வருகிறார்கள். கெட்டி முக ப்ரைமர் துறைமுகத்தில் அனுமதிக்காகக் கிடந்தது. பந்தய ரைபிளுக்கு வாங்கிய மெல்லிய ப்ரைமர் மட்டும் நம் கிடங்கில் இருந்தது. எங்கள் பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இருக்கறத வச்சு லோடு பண்ணிடுங்க. சைஸ் ஒண்ணுதானே?"

"சைஸ் ஒண்ணுதான் சார். வேலை வேற."

"ட்ரையல் தள்ளிப் போச்சுன்னா முதலாளிக்கு யார் பதில் சொல்றது?"

"வெடிச்சா யார் பதில் சொல்றது சார்?"

அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் அடுத்த ஷிப்டில் லோடிங் அறைக்கு நேராக உத்தரவு கொடுத்து நிரப்ப வைத்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து, ஹவில்தார் சொன்னபடி மணல் பக்கம் வைத்து ஏற்றி வெளியே எடுத்தேன். ப்ரைமர் முகத்தில் புள்ளி இல்லை, குழி விழுந்திருந்தது. அதைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் காட்டினேன்.

அவர் பார்த்துவிட்டு, "வெடிக்கலையே மேடம்" என்றார்.

"இன்னும் வெடிக்கல சார்."

"நீங்க எப்பவும் நெகட்டிவாவே பேசறீங்க" என்று சொல்லி மறுபடி லேப்டாப்புக்குத் திரும்பிவிட்டார். அந்தத் தோட்டாக்களை ரேஞ்சில் சுட விடமாட்டேன், முதலாளி பெங்களூரிலிருந்து வந்ததும் அவரிடமே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரேஞ்சுக்கு வெளியே சுடுவார்கள் என்று எந்த மடையனுக்குத் தோன்றும்?

இனி எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓசூரில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாழைக் கன்று, பொரி, பூசணிக்காய், மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். தீபம் காட்டியதும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். லேத் ஒரு சுற்று சுற்றும், பிரஸ் ஒரு அடி அடிக்கும். ஓட்டாமல் விட்டால் வருஷம் முழுக்க அந்த மெஷின் படுத்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. துப்பாக்கி செய்ய ஆரம்பித்ததும் அதற்கும் ஒரு சுற்று வேண்டும் என்றார்கள். போல்ட்டை ஒரு தடவை விட்டு மூடினால் ஒரு சுற்று. காலியாக விடுவதும் சகுனம் இல்லையாம். அதனால் நானே ஒரு டம்மித் தோட்டா செய்து கொடுத்திருந்தேன். மருந்து இல்லை, ப்ரைமர் இல்லை, உடம்பில் ஓட்டை போட்டுச் சிவப்பு பெயின்ட் அடித்தது. வருஷா வருஷம் அதுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மெஷினுக்கு முகத்துக்கு நேராக நின்று தீபம் காட்டுவார்கள். துப்பாக்கிக்கு முகம் எது? குழல்தான். லோடிங் அறையில் வேலை செய்த கௌரம்மாதான் கைராசிக்காரி என்று அவளைத் தட்டோடு குழலுக்கு நேரே நிறுத்துவார்கள். டம்மிதானே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அந்த வருஷம் ரேஞ்சுக்குச் சந்தனம் வைத்துப் பூட்டிவிட்டு, அசெம்பிளி ஹாலுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தேன். நாதஸ்வரம் ஸ்பீக்கரில் அலறுகிறது. மேஜைமேல் சிவப்புத் துணி, அதன்மேல் ரைபிள், மாலை. குழல் வாசலைப் பார்த்து இருக்கிறது. வாசலில் ஸ்டூல் போட்டு, திருஷ்டி கழித்து உடைக்கப் பூசணிக்காயை வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் கௌரம்மா கற்பூரத் தட்டோடு நிற்கிறாள், பக்கத்தில் இரண்டு பெண்கள். ரைபிளுக்குப் பின்னால் ஃபிட்டர் மாதேஷ். தொரப்பள்ளிப் பக்கத்துக் காலனிக்காரன், அவன் அப்பாவெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். கான்ட்ராக்டில் சேர்ந்து பர்மனென்டுக்குக் காத்துக்கொண்டிருந்தான். போல்ட் பின்னால் பூட்டி நிற்கிறது. அதை விடுவிக்கும் பித்தான்மேல் அவன் விரல்.

பொரித் தட்டில் என் சிவப்பு டம்மி கிடந்தது.

டம்மி தட்டில் இருக்கிறதென்றால், தோட்டா உட்காரும் சேம்பரில் இருப்பது என்ன? பிளான்ட் ஹெட் பக்கத்தில் நிற்கிறவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ட்ரையல் லாட்ல முதல் தோட்டா. சாமிக்கே டம்மியா போடறது? நிஜமா வச்சாத்தான் ட்ரையல் ஜெயிக்கும்."

அதுவும் மேகசின் இல்லாமல் கையாலேயே ஒற்றைத் தோட்டாவைச் சேம்பரில் போட்டிருக்கிறார்கள். மேகசினிலிருந்து உருவிக்கொண்டு போனாலாவது போல்ட்டின் வேகம் கொஞ்சம் குறையும். இப்படிப் போட்டால் தடையே இல்லை, முழு வேகத்தில் போய் முட்டும்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு வாய்வரை வந்தது, "டேய் மாதேஷ், விடாதே!" என்று கத்த. கத்தினால் என்ன ஆகும்? அவன் திடுக்கிடுவான். விரல் பித்தான்மேல் இருக்கிறது. திடுக்கிட்ட விரல் அமுக்கும். கௌரம்மாவைப் பார்த்து "ஓடு" என்று கத்தினால்? பயந்தவள் நின்ற இடத்திலேயே நின்று "என்னாக்கா?" என்று கேட்பாள். ஆக, விரலை விட்டுவிட்டு ஆளை நகர்த்துவது என்று முடிவு செய்தேன்.

"ஏ கௌரம்மா! சேல! சேலயில நெருப்பு புடிக்கப் போவுது, இந்தாண்ட வா!"

சேலையில் நெருப்பு என்றால் எந்தப் பெண்ணும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டாள். "அய்யய்யோ" என்று தட்டோடு ஒரே தாவலில் என் பக்கம் வந்தாள். மற்ற இருவரும் அவள் பின்னாலேயே ஒதுங்கினார்கள். நான் மாதேஷ் பக்கம் திரும்பி மெதுவாகப் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் பிளான்ட் ஹெட் அவன் தோளில் ஒரு தட்டு தட்டி, "ம், ஓட்டுப்பா ஒரு சுத்து" என்றார்.

போல்ட் போனது. படார்.

பூசணிக்காய் சிதறி வாசலெல்லாம் விழுந்தது. குண்டு அதைத் துளைத்துக்கொண்டு வெளியே கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த எம்-சாண்ட் குவியலில் போய்ப் புதைந்தது. அங்கே மணல் இருந்தது அன்றைய புண்ணியம். அதைவிடக் கொடுமை ஒன்று கேளுங்கள். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். பூசணிக்காயைத் துப்பாக்கியால் உடைப்பதுதான் இந்த வருஷ ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு விசில் வேறு அடித்தார்கள். தட்டு கையிலிருந்து நழுவ, கௌரம்மா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூசணிக்காய் இருந்தது அவள் முதுகுக்கு நேர் பின்னால்.

ரைபிள் பின்னால் உதைத்ததில் மாதேஷின் மணிக்கட்டு பிசகிவிட்டது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நான் தொடலக்கா. எங்க அம்மா மேல சத்தியமா ட்ரிகரத் தொடலக்கா."

"தெரியும்டா. அழாத."

எனக்கு நிஜமாகவே தெரியும். அவன் விரலெல்லாம் ஈரச் சந்தனம். போல்ட் பித்தானில் மஞ்சளாக அப்பியிருந்தது. ட்ரிகர் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அங்கேயே பிளான்ட் ஹெட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாய் வெளுக்கவில்லை. "தொட்டுட்டு தொடச்சிருப்பான்" என்றார்.

பிசகிய கையோடு அழுகிறவன் ட்ரிகரைத் துடைத்துக்கொண்டிருந்தானாம்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். மாதேஷ் தப்பு என்று ஆகிவிட்டால் யாருக்கும் சேதாரம் இல்லை. அவனை வீட்டுக்கு அனுப்பலாம், லாட் அப்படியே இருக்கும், ட்ரையல் சொன்ன நாளில் நடக்கும். ப்ரைமர் தப்பு என்று ஆனால் மொத்த லாட்டையும் அழிக்க வேண்டும். விடுமுறை முடிவதற்குள் முடிவு கட்டிவிட்டார்கள். அஜாக்கிரதையாக ட்ரிகரை இழுத்தான், வேலையை விட்டு நீக்கம், போலீசில் புகார். துப்பாக்கிக் கம்பெனியில் கவனமில்லாமல் சுட்டவன் என்று கேஸ் விழுந்தால், அவனுக்கு ஓசூரில் ஒரு பஞ்சர் கடைகூடக் கதவு திறக்காது. கை தட்டியவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

விடுமுறை முடிந்த அன்று முதலாளி பெங்களூரிலிருந்து வந்தார். வயதானவர், குறைவாகப் பேசுகிறவர். அவர் அறையில் பிளான்ட் ஹெட் விளக்கிக்கொண்டிருந்தார். "ட்ரிகரைத் தொடாம துப்பாக்கி வெடிக்குமா சார்? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

நான் ஊசியைப் பற்றியும் ப்ரைமரைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். முதலாளி நெற்றியைத் தேய்த்தார். இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசினால் கோட்டு போட்டவர் பேச்சுதான் எடுபடும். இனி பேசிப் பயனில்லை என்று புரிந்தது.

"சார், ஒரு தடவை ரேஞ்சுக்கு வாங்க. எல்லாரும் வாங்க" என்றேன்.

வந்தார்கள். மாதேஷும் கையில் கட்டோடு ஓரமாக நின்றான். அதே ரைபிளைத் தாங்கியில் பூட்டினேன். குழல் மணல் மேட்டைப் பார்த்தது. பெட்டியிலிருந்து அதே லாட் தோட்டா ஒன்றை எடுத்து எல்லாரும் பார்க்க மேஜைமேல் வைத்தேன். ரைபிளில் போடவில்லை. போல்ட்டை மட்டும் பின்னால் இழுத்துப் பூட்டினேன்.

"சார்," என்றேன் பிளான்ட் ஹெட்டைப் பார்த்து. "இந்தத் தோட்டாவ உள்ள போட்டு போல்ட்ட விடப்போறேன். பூஜையன்னைக்கு மாதேஷ் விட்ட மாதிரியே. ட்ரிகர் பக்கம் என் கையே போகாது, முதலாளி பார்த்துக்கிட்டே இருக்கட்டும். தொடலன்னா வெடிக்காதுன்னு சொல்றீங்க இல்ல? அப்ப நீங்க போயி அந்தக் குழலுக்கு முன்னால நில்லுங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

"என்ன மேடம் வெளையாடறீங்க?"

"வெளையாடல சார். போயி நில்லுங்க."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளான்ட் ஹெட் குழலைப் பார்த்தார், தோட்டாவைப் பார்த்தார். பிறகு கதவில் பெரிதாகப் பெயின்ட் அடித்திருந்த விதியைக் கையால் காட்டினார். அதை எழுத வைத்ததே அவர்தான்.

"ரேஞ்ச் ரூல்படி குழலுக்கு முன்னால யாரும் நிக்கக் கூடாது மேடம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். கௌரம்மா தட்டோட நின்னப்ப அந்த ரூல் எங்க சார் போயிருந்துச்சு?"

முதலாளி மேஜைமேல் இருந்த தோட்டாவை எடுத்து, ப்ரைமர் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "லாட்டை அழிச்சிடுங்க" என்றார். வாசலுக்குப் போனவர் மாதேஷ் பக்கத்தில் நின்று, "கை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். புகார் போகவில்லை. ட்ரையல் தள்ளிப் போனது, ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. கெட்டி முக ப்ரைமர் வந்த பிறகு நல்லபடியாக நடந்தது. இப்போது உங்களுக்கு ஃபிட்டிங் சொல்லித் தருகிறாரே, கொஞ்சம் முன்கோபக்காரர், அந்த மாதேஷ்தான் இந்த மாதேஷ்.

நான் பிளான்ட் ஹெட்டைக் குழலுக்கு முன்னால் நிற்கச் சொன்னது சரியா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். அவர் போய் நின்றிருந்தால் நான் அந்தத் தோட்டாவைத் தொட்டிருக்கவே மாட்டேன். அவர் போக மாட்டார் என்றும் தெரியும். "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்கிற எவரும் தன் நெஞ்சை அதற்கு நேரே வைக்க மாட்டார். அடுத்தவர் நெஞ்சு என்றால்தான் அவர்களுக்கு எல்லாம் ஒன்று. நாளைக்கு உங்களிடமும் ஒருவர் வருவார். தேதி சொல்வார், அவசரம் சொல்வார், இருப்பதை வைத்து முடி என்பார். கெட்டி முகம் வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். வேலை போனால் போகட்டும், உத்தனப்பள்ளிக்கு வாருங்கள், தக்காளி பறிக்க ஆள் கிடைக்காமல்தான் கிடக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. கௌரம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்பை விடுங்கள், "பயந்துட்டியாம்மா" என்றுகூடக் கேட்கவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

மறு வருஷ ஆயுத பூஜையில் பழையபடி என் சிவப்பு டம்மியைத்தான் போட்டார்கள். எல்லார் கண்ணுக்கும் காட்டி, நானே போட்டேன். கௌரம்மா கற்பூரத்தைக் கொளுத்தினாள். கொளுத்திய தட்டை நேராகப் பிளான்ட் ஹெட்டிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"இந்த வருஷம் நீங்க காட்டுங்க சார்."

எல்லாருக்கும் முன்னால் மறுக்க முடியுமா? வாங்கிக்கொண்டார். வாங்கியவர் மேஜைக்குப் பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் எட்டி நீட்டித் தட்டைச் சுற்றினார்.

"டம்மிதான் சார்," என்றாள் கௌரம்மா, ஹால் முழுக்கக் கேட்கும்படி. "நேரா நின்னு காட்டுங்க."

கற்பூரம் அணையும்வரை அவர் நேரே வரவே இல்லை.